கடலூரா, தவளக்குப்பமா?

முதல் வீடு, கையில் அளவான பணம், கடல் காற்றும் வேண்டும். இந்தக் கணக்கோடு தேடுகிறவர்கள் கடலூர் தேவனாம்பட்டினம் பக்கமோ, புதுச்சேரி எல்லைக்குள் தவளக்குப்பம் பக்கமோ மனை பார்ப்பார்கள்.

கடலூரில் பத்திரச் செலவு தெளிவு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. மஞ்சக்குப்பம் கடைத்தெரு பக்கத்திலேயே. ஆனால் தண்ணீர்தான் பயம். கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் ஊர் இது. 2015 வெள்ளம் பலருக்கு இன்னும் மறக்கவில்லை. 2004 சுனாமி தேவனாம்பட்டினத்தையே அடித்தது. மழைக்காலத்தில் ஒரு தடவை போய்ப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எதுவரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். புரோக்கர் சொல்லாததை அது சொல்லிவிடும்.

தவளக்குப்பத்தின் பலம் சாலை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் இருப்பதால் கணவனுக்கு அங்கே வேலை, மனைவிக்கு இங்கே வேலை என்றாலும் சமாளிக்கலாம். அரசு வேறு என்பதால் மனை அங்கீகாரமும் பத்திரக் கணக்கும் வேறு. கடலூர் ஆவண எழுத்தர் சொல்வதை இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது.

புயலில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில்தான் கரையேறியது. உப்புக்காற்றும் அப்படித்தான், கம்பியைத் தின்றுவிடும்.

என்னைக் கேட்டால் தவளக்குப்பம். கடலூரிலேயே வேலை என்றால் மட்டும், மேடான மனையாகப் பார்த்து அங்கேயே வாங்கலாம்.