காமெட் முதல் குளிர்சாதனக் கேபின் வரை: ஓர் ஓட்டுநரின் அனுபவம்

1988-இல் நாமக்கல்லில் ஒரு லேலண்ட் காமெட் லாரியில் கிளீனராக ஏறினேன். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. பிறகு டாடா 1613, லேலண்ட் டாரஸ், கடைசியாகக் குளிர்சாதனக் கேபின் கொண்ட ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி. லாரி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் மைலேஜையும் பராமரிப்புச் செலவையும் கேட்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவனின் உடம்பு என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் எழுத விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் லேலண்ட் என்று ஓர் ஊர். 1896-இல் அங்கே நீராவி வண்டிகள் செய்யத் தொடங்கிய நிறுவனம், பின்னாளில் ஊரின் பெயரையே வைத்துக்கொண்டது. இங்கே 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைத்தான் பூட்டியது. அசோக் என்பது அவருடைய மகனின் பெயர். லேலண்டோடு உடன்பாடு ஏற்பட்டபின் காமெட் லாரிகள் வந்தன. 1955-இல் இரண்டு பெயர்களும் சேர்ந்து அசோக் லேலண்ட் ஆயிற்று. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் சொற்களில் அதுவும் ஒன்று.

அன்றைய கியர்பெட்டிக்கு இரட்டை கிளட்ச் வேண்டும். மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, இன்ஜின் வேகத்தைச் சரிசெய்து, மறுபடி மிதித்துக் கியரைத் தள்ள வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த டிரைவர் அண்ணன், "கியரைக் கையால் போடாதே தம்பி, காதால் போடு" என்பார். காமெட்டின் இன்ஜின் அதற்கு ஏற்ற ஆசிரியர். அதன் சத்தம் இறங்குவதை வைத்தே ஏற்றத்தில் எந்த இடத்தில் மூன்றாவதுக்கு வர வேண்டும் என்று தெரிந்துவிடும். இன்றுவரை எனக்கு மிகப் பிடித்த இன்ஜின் அதுதான்.

பவர் ஸ்டியரிங் இல்லாத காலம். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் வழியில் திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். லோடு வண்டி சில வளைவுகளில் ஒரே மூச்சில் திரும்பாது. சற்றுப் பின்னால் எடுத்துத்தான் ஏற வேண்டும். வண்டி உருண்டுவிடாமல் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது கிளீனர் வேலை. கட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டியோடு எத்தனை வளைவுகள் ஓடியிருப்பேன்! மேலே போய்ச் சேரும்போது அண்ணனுக்குத் தோள் தூக்க முடியாது, எனக்கு மூச்சிரைப்பு நிற்காது.

டாடாவின் கதை வேறு வகை. ஜாம்ஷெட்பூரில் 1945-இல் டெல்கோ, அதாவது இன்றைய டாடா மோட்டார்ஸ், தொடங்கியது ரயில் இன்ஜின்கள் செய்ய. 1954-இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்தார்கள். 1969-இல் அந்தக் கூட்டு முடிந்தது. முகப்பில் இருந்த நட்சத்திரம் போய் டாடாவின் எழுத்து வந்தது. ஆனாலும் பழைய ஓட்டுநர்கள் வாயில் 'டாடா பென்ஸ்' போகவேயில்லை. 1613 என்றால் ஏறத்தாழ 16 டன் மொத்த எடை, 130 குதிரைத்திறன். என்னுடையதில் கம்மின்ஸ் இன்ஜின். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிரம் போய், நாசிக் வெங்காயத்தோடு திரும்புவோம். நெடுந்தூரத்துக்கு அதைப்போல இழுத்துக் கொடுத்த வண்டியை நான் ஓட்டியதில்லை.

நிறுவனங்கள் அன்று விற்றது பெரும்பாலும் சேசிஸைத்தான், அதாவது இன்ஜினும் சக்கரங்களும் பூட்டிய வெறும் சட்டகத்தை. ஜாம்ஷெட்பூரிலிருந்து கேபினே இல்லாத சேசிஸை, பலகை இருக்கையில் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாட்கணக்கில் வெயிலிலும் தூசியிலும் ஓட்டி வருவார்கள். கேபினும் பாடியும் நாமக்கல் பட்டறையில்தான் பிறக்கும். என் 1613-க்குக் கேபின் கட்டியபோது முதலாளி என்னைப் பட்டறைக்கு அனுப்பினார். வயதான ஆசாரி ஒருவர் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி, கோலால் அளந்தார். படுக்கைப் பலகையை நான்கு விரல் நீட்டிப் போட்டார். முப்பது ஆண்டுகளில் ஒரு லாரியைச் செய்கிறவர் என் உடம்பைக் கேட்டது அந்த ஒரு முறைதான். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

டாரஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தமிழ்நாட்டில் எந்த நிறுவனத்தின் பத்து சக்கர வண்டியையும் 'டாரஸ் லாரி' என்கிறார்கள். அதற்கு மேல் என்ன சான்று? பவர் ஸ்டியரிங் தோளைக் காப்பாற்றியது. இன்ஜின் புகை வெளியேறுவதை அடைத்து வண்டியின் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக், தொப்பூர் கணவாயில் என் உயிரையே காப்பாற்றியது என்று நம்புகிறேன். டீசல் மிச்சம் என்று அந்த இறக்கத்தில் நியூட்ரலில் விடுபவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், தயவுசெய்து விடாதீர்கள். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் பாதி இன்ஜினின் வேலை. அது இல்லாமல் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி, அடிவாரத்தில் பிரேக் பிடிக்காது.

கடைசி வண்டியின் பெயர் வேண்டாம். ஒரு சென்சார் கோளாறால் நடுவழியில் இரண்டு நாள் நின்றேன். என் கையில் ஸ்பானர் இருந்தும் பயனில்லை, கணினியோடு ஆள் வர வேண்டியிருந்தது. ஆனால் அதன் கேபினைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மெத்தை இருக்கை, சூடு முழங்காலைத் தொடாத தரை, குளிர்காற்று. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்குக் குளிர்சாதனக் கேபின் சட்டப்படி கட்டாயமாகியிருக்கிறது. அது வருவதற்குள், எண்ணூரில் முதல் காமெட் உருண்டு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. என்னோடு ஓட்டியவர்களில் பலருக்கு இடுப்பு போய்விட்டது.

குளிர்சாதனக் கேபினில் போன முதல் பயணம் மே மாதம், நாக்பூர் சாலை. வெளியே அனல் பறந்தது, உள்ளே சட்டை நனையவில்லை. ஏற்றம் வந்தபோதுதான் திகைத்தேன்; கண்ணாடி மூடியிருந்ததால் இன்ஜின் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினேன். அனல் காற்றோடு சத்தமும் வந்தது. கியரை மாற்றிவிட்டு மறுபடி ஏற்றினேன்.