விஐஏ சோதனைக்கு முன் நர்ஸ் பேசும் ஐந்து நிமிடம்: எங்கே தேறுகிறது, எங்கே கோட்டை விடுகிறது

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான அறிகுறி உண்டா என்று அங்கே அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் விஐஏ சோதனையின் பயனைப் பற்றி நம்மூரில் சந்தேகப்பட இடமில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ்களே செய்த சோதனையால் அந்தப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனாலும் கட்டில் வரை வந்துவிட்டு, 'இன்னொரு நாள் வரேன் சிஸ்டர்' என்று திரும்புகிறவர்கள் உண்டு. அவர்களைத் திரும்பிப் போகாமல் நிறுத்துவது சோதனைக்கு முன் நர்ஸ் பேசும் பேச்சுதான். இங்கே மதிப்பிடுவது அந்தப் பேச்சை.

முதல் விதி இடம். உடை தளர்த்தும் முன்பே, நாற்காலியில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டும். காலை மடக்கிப் படுத்த பிறகு சொல்வது எதுவும் காதில் ஏறாது. முகாம்களில் பத்துப் பேரை வரிசையில் உட்காரவைத்து மொத்தமாகப் பேசுவது சோதனையை விளக்கப் போதும். வெள்ளைப்படுதல், உறவின்போது வலி, பழைய பிரசவத்தில் பட்ட பாடு எதுவும் அங்கே வாய்க்கு வராது. மாதவிலக்கு நாளா, ஒண்ணுக்குப் போய்விட்டு வந்தாரா என்பதையும் இங்கேயே கேட்டுவிட வேண்டும். நிறைந்த மூத்திரப்பையோடு படுத்தால் பாதி வேதனை அதனால்தான்.

அடுத்து கருவி. கர்ப்பப்பை வாய் தெரிய பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலத்தைத் துணியில் மூடி வைப்பது பயத்தை வளர்க்கும். நன்றாகச் செய்யும் நர்ஸ், புதிய பிளாஸ்டிக் ஸ்பெகுலம் ஒன்றைக் கையில் கொடுத்துத் திறந்து மூடச் சொல்கிறார். அது விரியும்போது 'டிக் டிக்' என்று பல் ஏறும் சத்தம் வரும். முன்னமே கேட்காதவர், உள்ளே ஏதோ உடைந்துவிட்டதாக நினைத்துத் துள்ளுவார். துள்ளினால் இடுப்புத் தளத் தசை இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் இன்னும் இறுகும். உலோக ஸ்பெகுலம் என்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்தாலே குளிர்ச்சி போய்விடும்.

பெரிய தவறு 'வலிக்கவே வலிக்காதும்மா' என்ற பொய். முதல் அழுத்தத்திலேயே நம்பிக்கை போய்விடும். 'இறுக்கமா இருக்கும்க்கா, மருந்து தடவினா லேசா எரியும், வினிகர் வாசனை வரும், ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்துட்டு எடுத்துடுவேன். கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்' என்பது சரியான பேச்சு. கை தூக்கினால் உண்மையிலேயே நிறுத்த வேண்டும், அது முக்கியம். வாயால் மெல்ல மூச்சு விடுவதையும், இடுப்பைக் கட்டிலோடு அழுத்திவைப்பதையும் உட்கார்ந்திருக்கும்போதே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லலாம்.

பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பின்னால் வேலை சொதப்பினால் வீண். தடவும் மருந்துக்கு 5 மி.லி. கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலத்தோடு 95 மி.லி. காய்ச்சி வடித்த நீர் என்பது கணக்கு. கலக்காமல் தொட்டால் திசு வெந்துவிடும். ஸ்பெகுலத்தை முழுக்க மூடி இழுத்தால் கிள்ளும். இவை பேச்சின் குறை அல்ல, ஆனால் அடுத்த வீட்டுக்காரிக்குப் போய்ச் சேருவது இந்தக் கதைதான்.

இன்னும் ஒன்று: 'கல்யாணம் ஆச்சா?' என்ற கேள்வியை வைத்தே உடலுறவு பற்றி ஊகிக்கும் பழக்கம். திருமணமாகியும் உறவு நடக்காதவர்கள் உண்டு. திருமணமாகாமலே உறவு இருந்தவர்களும் உண்டு. மாமியாரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக, நேராகக் கேட்பதே வழி.

ஐந்துக்கு நான்கு தரலாம். ஒன்றைக் குறைப்பது பேசிய நர்ஸ் ஒருவர், கட்டிலருகே நிற்பவர் வேறொருவர் என்று மாறிவிடும் ஏற்பாட்டுக்காக. பேசியவரே தலைமாட்டில் நின்று, 'இப்ப உள்ள வெக்கிறாங்க, மூச்ச விடுங்கக்கா' என்று சொன்னால் அந்த ஒன்றையும் கொடுத்துவிடலாம். சோதனை முடிந்து, மருந்து தடவிய இடத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் திசு எடுத்துப் பரிசோதித்துத்தான் சொல்வார்கள் என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். சீட்டில் 'பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதிக் கையில் கொடுத்தால் வீடு போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விடும்.