லிமாவுக்குப் போய்க் குழந்தைகளுக்குச் சமைக்க நினைப்பவர்களுக்கு

பெருவின் தலைநகர் லிமாவில், மலைச்சரிவு ஒன்றில் நான் தொண்டனாக வேலை செய்த சமையற்கூடத்துக்கு ஐந்துக்கு ஐந்து புள்ளி. என்னை அங்கே அனுப்பிவைத்த முகவர் நிறுவனத்துக்கு ஒன்றரை. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் அந்த மலையில் சமைக்கிற பெண்களுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அதனால் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

நான் டொரொண்டோ உணவகக் குசினிகளில் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறவன். பக்கத்து அடுப்புகளில் நின்றவர்களில் கனபேர் பெரு, எக்வடோர் நாட்டவர்கள். அவர்களோடு கதைத்துக் கதைத்துத்தான் எனக்கு ஸ்பானிஷ் வந்தது. "நான் வளர்ந்ததே கொமெடோர் சாப்பாட்டில்தான்" என்று அவர்களில் ஒருவன் அடிக்கடி சொல்லுவான். கொமெடோர் பொப்புலார் என்பது அயலில் இருக்கிற பெண்கள் ஒன்றுசேர்ந்து, முறைவைத்துச் சமைத்து, மிகக் குறைந்த விலைக்குக் கொடுக்கிற சாப்பாட்டுக் கூடம். வழியே இல்லாதவர்களுக்கு இலவசம். லிமாவின் புறநகர்களில் எழுபதுகளின் கடைசியில் தொடங்கியது. 1990 ஓகஸ்டில் அரசாங்கம் விலைக் கட்டுப்பாடுகளை எடுத்துவிட, ஒரே இரவில் எல்லாமே பல மடங்கு விலையேறிய நேரத்தில் நகரத்து ஏழைகளைத் தாங்கிப் பிடித்தவை இந்தக் கூடங்கள்தான். அடுத்த வருடம் இவற்றுக்கென்றே ஒரு சட்டமும் வந்தது. 2020இல் கொரோனாவால் ஊர் அடங்கியபோது, கொமெடோர் எட்டாத மலை உச்சிகளில் ஓயா கொமூன் என்ற பெயரில் பொதுப்பானைகள் புதிதாக ஏறின.

நான் வேலை செய்த கூடம் சான் ஹுவான் தெ மிராஃப்ளோரெஸ் பகுதியில், பம்ப்ளோனா அல்தா மலைச்சரிவில் இருக்கிறது. பலகையும் தகரமும் கொண்ட வீடுகள். ஏறுவதற்கு மஞ்சள் வர்ணம் பூசிய கொங்கிறீற்றுப் படிகள். நான் போனபோது, மேலே மலை முதுகு நெடுக முள்ளுக்கம்பி வைத்த மதில் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் காசுவரினாஸ், நீச்சல் தடாகங்கள் உள்ள மாளிகைகள். இந்தப் பக்கத்தின் உயரமான வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. பவுசரில் வருகிற தண்ணீரை நீலப் பீப்பாய்களில் பிடித்து வைக்கிறார்கள். மதிலுக்கு அப்பால் குழாயில் வருகிற தண்ணீரைவிட அதற்குப் பல மடங்கு விலை. அரிசி கழுவிய தண்ணீரில் முதலில் கிழங்கின் மண்ணைக் கழுவி, பிறகு அதையே வாசல் புழுதிக்குத் தெளிக்கிற குசினி அது. எங்கள் உணவகங்களில் குழாயைத் திறந்துவிட்டுப் போகிறவர்களை அங்கே ஒரு மாதம் நிறுத்தவேண்டும்.

சமையலைப் பற்றிச் சொல்லுகிறேன், எனக்குத் தெரிந்தது அதுதானே. விடிய ஆறு மணிக்கு முன்னரே அடுப்பு மூட்டுகிறார்கள். முதலில் ஓட்ஸ் கஞ்சி, கறுவாவும் கராம்பும் போட்டு. பிறகு மத்தியானப் பானை. வெங்காயம், உள்ளி, மஞ்சள் மிளகாய் அரைத்த விழுது மூன்றையும் எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை அவசரப்படாமல் வதக்குகிறார்கள். நூற்றுக்கணக்கான தட்டுக்குச் சமைக்கிற இடத்தில் இந்தப் பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை. திங்கட்கிழமை என்றால் பருப்பும் சோறும், அது பெரு முழுவதற்குமான வழக்கம். மற்ற நாட்களில் கோழிக்கால் சூப், நுரையீரலும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பு, சந்தையில் எது மலிவோ அது. சாந்தா அனீத்தா மொத்தச் சந்தையில் விற்காமல் மிஞ்சுகிற மரக்கறியைப் பெண்கள் போய்ப் பொறுக்கித் தெரிந்து மூட்டையாகக் கொண்டுவருவார்கள். நல்ல பூசணி, நல்ல கரட். தோற்றம் கொஞ்சம் கோணல், அவ்வளவுதான்.

இவர்களின் கெட்டித்தனத்தை முழுமையாகப் பார்க்கவேண்டுமென்றால் சங்ரெசிதா செய்கிற நாளில் போங்கள். கோழி இரத்தம். யாழ்ப்பாணத்து ஆட்டிரத்த வறை தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. அவித்து, உதிர்த்து, வெங்காயத்தாளும் உள்ளியும் புதினாவும் போட்டு வறுக்கிறார்கள். 2023ஆம் வருடக் கணக்குப்படி, பெருவில் ஆறு மாதத்துக்கு மேல் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். அதற்கு இதைவிட மலிவான இரும்புச்சத்து அங்கே இல்லை. ஆனால் கறுப்பாக இருக்கிறது என்று சின்னப்பிள்ளைகள் தொடமாட்டார்கள். அதனால் சீன முறைப் பொரித்த சோறான சௌஃபாவில் சோயா சோஸோடு கலந்துவிடுகிறார்கள், அந்த நிறத்தில் இரத்தம் தெரியாது. பக்கத்தில் அவித்த வற்றாளங்கிழங்கு, குடிக்கத் தேசிக்காய்த் தண்ணீர். இரும்பு உடம்பில் சேரப் புளிப்பு வேண்டும், சாப்பாட்டோடு தேத்தண்ணீர் கூடாது என்பது அங்குள்ள ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். சுகாதார நிலையத்தில் விரல்நுனியில் குத்தி இரத்தத்தைச் சோதித்த பிள்ளையின் அளவைத் தாய் வந்து கூடத்துத் தலைவியிடம் சொல்லுவாள். அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் தட்டில் ஒரு கரண்டி கூடும்.

அந்தக் கரண்டி தொண்டர்களின் கைக்கு வராது. இந்தக் கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி அது. பரிமாறுவது அங்கத்தவர்கள் மட்டும். எந்த வீட்டில் தகப்பனுக்கு வேலை போனது, எந்தப் பிள்ளை கொண்டுவருகிற டப்பாவில் இன்னும் இரண்டு வாய்க்கு இருக்கவேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் கிழங்கு உரிக்கிறது, பானை தேய்க்கிறது, தண்ணீரும் காஸ் சிலிண்டரும் படியேற்றுகிறது. "மகனே, நீங்கள் போய்விடுவீர்கள். பிள்ளைகள் சோறு தந்தவரைத் தேடக்கூடாது" என்று தலைவி அம்மா முதல்நாளே சொன்னார். பிள்ளைகளைத் தூக்கிவைத்துப் படமெடுக்கவும் விடமாட்டார்கள். முழுக்கச் சரி.

சுவரில் மரியா எலேனா மொயானோவின் படம் இருக்கிறது. 1971இல் பம்ப்ளோனாவில் வெறும் நிலத்தைப் பிடித்துக் குடியேறிய குடும்பங்களை இராணுவ அரசு தெற்கே மணல்வெளிக்குக் கொண்டுபோய் விட்டது. அந்த மணலில் எழுந்த ஊர்தான் வில்லா எல் சால்வதோர். அங்கே பெண்கள் கூட்டமைப்புத் தலைவியாகவும் பிறகு துணை மேயராகவும் இருந்தவர் மொயானோ. 1984இல் லிமா மேயர் பர்ராந்தெஸ் தொடங்கிய பிள்ளைகளுக்கான பால் திட்டத்தையும் சாப்பாட்டுக் கூடங்களையும் கட்டிக் காத்தவர்களில் ஒருவர். கூடங்களைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவர நினைத்த ஒளிரும் பாதை என்ற மாவோயிச ஆயுத இயக்கத்தை முகத்துக்கு நேரே எதிர்த்தார். 1992 பெப்ரவரி 15 அன்று அவருடைய பிள்ளைகள் பார்த்திருக்க அந்த இயக்கத்தவர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 33. இயக்கங்களுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு அந்தப் படத்தின் கீழே இருந்து கிழங்கு உரிப்பது சாதாரண விஷயமாக இருக்கவில்லை. வெளியாருக்குக் கரண்டி கொடுக்காத பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்கியது.

இனி முகவர் நிறுவனம். கிழமைக்கு ஏறக்குறைய நானூறு கனடிய டொலர் வாங்கினார்கள். அதில் கூடத்துக்குப் போனது என்ன என்று கேட்டேன். பொருளாளர் அம்மா கொப்பியைத் திறந்து காட்டினார். கிழமைக்கு ஒரு காஸ் சிலிண்டர்க் காசு. மிச்சம் கடற்கரைப் பக்கத்து விடுதிக்கும் வானுக்கும் அலுவலகத்துக்கும். அந்த வான் எங்களைக் கொண்டுவந்து இறக்குகிறபோது மணி பத்தைத் தாண்டியிருக்கும். உரிக்கிறதும் வெட்டுகிறதும் முடிந்து பானை கொதித்துக்கொண்டிருக்கும். உதவி தேவைப்படுகிற நேரம் விடியற்காலை என்று தலைவி அம்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாராம். பிறகு நான் வானை விட்டுவிட்டேன். பஸ்ஸில் அடிவாரம்வரை போய், அங்கிருந்து கூடத்து ஆட்களின் மோட்டோடாக்சி என்ற முச்சக்கர வண்டியில் ஏறிக்கொண்டேன். இதைவிடப் பெரிய குறை, பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு அனுப்புகிறவர்கள் பொலிஸ் நற்சான்று கேட்கவேயில்லை. கனடாவில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்று றோட்டுக் கடக்க உதவுவதற்கும் அது வேண்டும். அவர்களுடைய விளம்பரத் தாளில் வெளிநாட்டுக்காரர் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து நிற்கிற படங்கள் வேறு. கூடத்தில் அனுமதிக்காததையே காட்டி ஆள் பிடிக்கிறார்கள். உங்களிடம் சான்று கேட்காத எந்த நிறுவனத்தோடும் போகாதீர்கள். கேட்காவிட்டாலும் எடுத்துக்கொண்டு போங்கள். நான் கொண்டுபோனதைத் தலைவி அம்மா வாங்கிப் படித்து, கொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

யார் போகலாம்? கொஞ்சமாவது ஸ்பானிஷ் கதைக்கத் தெரிந்தவர்கள், அதிகாலையில் எழும்பக்கூடியவர்கள், சொன்ன வேலையைச் செய்யக்கூடியவர்கள். ஒரு கிழமைக்குக் குறைவாகப் போவதில் பயனில்லை. கத்தி எங்கே இருக்கிறது என்று பழகுவதற்குள் திரும்பவேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை லிமாவில் மூடுபனித் தூறல், படிகள் வழுக்கும், நல்ல சப்பாத்து வேண்டும். முடிந்தால் ஜனவரி, பெப்ரவரியில் போங்கள். அது அவர்களின் கோடை விடுமுறை. பள்ளிக்கூடச் சாப்பாடு நிற்கிறதால் கூடத்தில் பிள்ளைகள் கூடுவார்கள், அம்மாமாருக்கோ கை போதாது.

உடுப்பு, விளையாட்டுச் சாமான் ஒன்றும் காவிக்கொண்டு போகவேண்டாம். அந்த எடைக்கு நல்ல கத்தி மூன்று நாலும் சாணைக்கல்லும் கொண்டுபோங்கள்; பழைய கத்திகளோடு அவர்கள் படுகிற பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. காசு கொடுக்க விரும்பினால் பொருளாளரிடம் நேரே கொடுத்து, கொப்பியில் உங்கள் முன்னாலேயே எழுதுவியுங்கள். எண்ணெயா காஸா எது முதலில் வேண்டும் என்பதை அவரே சொல்லுவார்.