மேடிசன் என்று சொல்லி வேறு எதையோ கற்றுக்கொடுத்தார்கள்: போனது 18,000 ரூபாய்

வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தங்கையின் ரிசப்ஷன் முடிந்தது. இன்று புதன். இந்த மூன்று நாளில் அந்த நடன வகுப்புக்குப் பதினோரு தடவை போன் செய்தாயிற்று, ஒரு தடவை நேரிலும் போய்வந்தாயிற்று. பதினெட்டாயிரம் ரூபாய். இடத்தின் பெயரைப் போடவில்லை. புதுச்சேரியில் ஒரு மாடி ஹாலைப் பிடித்து, வாசலில் 'கல்யாண ஸ்பெஷல் பேட்ச்' என்று பேனர் கட்டி நடத்தும் வகுப்பு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கடலூர், மஞ்சக்குப்பம். மாப்பிள்ளை வீடு புதுச்சேரியில் சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்டவர்கள். இப்போது அத்தை, சித்தப்பா, பிள்ளைகள் என்று பாதிக் குடும்பம் பாரிஸ் பக்கம். அவர்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் சாப்பாடு முடிந்ததும் மேடிசன் என்ற நடனம் உண்டு. ஜோடி சேர வேண்டியதில்லை. வரிசை வரிசையாக நின்று எல்லோரும் ஒரே அடியை வைப்பார்கள். ஒரு சுற்று முடிந்ததும் கால்வாசி திரும்பி மறுபடி முதலிலிருந்து. பாட்டியிலிருந்து பேரன்வரை ஆடுவார்களாம்.

மாப்பிள்ளையின் அத்தை வீடியோ காலில் அம்மாவிடம், "சம்பந்தியம்மா, நீங்களும் எங்ககூட வரிசையில நிக்கணும், சேர்ல உட்கார்ந்து பார்த்தா விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. இரண்டு முட்டியும் தேய்மானம். போனை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே, "கத்துக்கலாமாடா?" என்றார். அப்பா போனபிறகு அம்மா எதையும் வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் தேடி அந்த நம்பரைப் பிடித்தேன். முதல் போனிலேயே கேட்டேன், "மேடிசன் சொல்லித்தருவீங்களா?" "பாண்டிச்சேரில இருந்துக்கிட்டு மேடிசன் தெரியாம இருக்குமா சார்?" என்று பதில் வந்தது. தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை பாருங்கள். அன்றைக்கு அது என் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போனோம். மாஸ்டர் நல்ல வாட்டசாட்டமான ஆள், நாற்பது வயதிருக்கும். நாங்கள் படியேறி வருவதற்குள் அவரே பாதிப்படி இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மேலே போனதும் கையில்லாத பிளாஸ்டிக் சேரைத் தள்ளிவிட்டு, உள்ளேயிருந்து கைப்பிடி வைத்த நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். அப்புறம் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அம்மாவின் முட்டியில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்து, "எந்தக் கால்மா அதிகம் வலிக்குது? இடதா? அப்போ திரும்புற இடத்துல எடை வலது கால்ல நிக்கிற மாதிரி நான் மாத்தித் தரேன். ஒரு மாசத்துல எல்லாரையும் மிஞ்சிடுவீங்க" என்றார். அம்மா முகம் மலர்ந்துவிட்டது. என் தங்கை என்னைப் பார்த்தாள். நான் அங்கேயே, அந்த நிமிடமே விழுந்துவிட்டேன்.

எட்டுப் பேருக்கு ஆறு வகுப்பு. ரிசப்ஷன் அன்று மாஸ்டரே நேரில் வந்து முன்வரிசையில் நின்று நடத்திக்கொடுப்பார், டிஜேயிடம் பாட்டு விஷயமும் அவரே பேசிக்கொள்வார். மொத்தம் பதினெட்டாயிரம். பாதி இப்போது கொடுத்தால் போதும் என்றுதான் அவரே சொன்னார். நான்தான் பெரிய மனுஷன் மாதிரி முழுப் பணத்தையும் ஜிபேயில் அனுப்பினேன். ஒரு துண்டு ரசீது கொடுத்தார்கள். அதில் 'டான்ஸ் கிளாஸ் – 18,000' என்று மட்டும் இருந்தது. மேடிசன் என்ற வார்த்தை இல்லை, எத்தனை வகுப்பு என்று இல்லை, தேதிகூட இல்லை. மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டேன்.

வாரம் ஒரு வகுப்பு. எட்டுப் பேர், இரண்டு கார். முள்ளோடை தாண்டி, அரியாங்குப்பம் நெரிசலில் அரைமணி நேரம் நின்று, ஏழு மணி வகுப்புக்கு ஏழரைக்குப் போய்ச் சேருவோம். பெட்ரோல் கணக்கை இதில் சேர்க்கவே இல்லை. முதல் இரண்டு வாரம் மாஸ்டர் இருந்தார். தரையில் நீல டேப்பால் கோடு ஒட்டியிருப்பார்கள். அதன்மேல் நின்று பழக வேண்டும். வலது பக்கம் மூன்று அடி, நாலாவதற்குக் கால் விரலால் தரையில் ஒரு தட்டு. இடது பக்கம் அதே மாதிரி. பின்னால் மூன்று அடி, தட்டு. அப்புறம் முன்னால் சாய்ந்து ஒரு தட்டு, பின்னால் சாய்ந்து ஒரு தட்டு, கடைசியில் இடது காலை வைத்து வலது காலைத் தரையில் உரசிக்கொண்டே இடப்பக்கம் கால்வாசி திரும்புவது. எண்ணிப் பார்த்தால் பதினெட்டு எண்ணிக்கை.

மூன்றாவது வாரத்திலிருந்து மாஸ்டரைக் காணோம். கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் வந்து போனை ஸ்டாண்டில் நிறுத்தி, ஏதோ வீடியோவை ஓடவிட்டு, அதைப் பார்த்து அவனும் ஆடினான், நாங்களும் ஆடினோம். அம்மாவின் முட்டிக்கு மாற்றித்தருவதாகச் சொன்னதைக் கேட்டால், "அது மாஸ்டர்தான் ஆன்ட்டி" என்றான். ஆறாவது வாரம் மாஸ்டர் பத்து நிமிடம் தலையைக் காட்டினார். "வீடியோ எடுத்துக்கறேன்மா, நீங்க வீட்ல பார்த்துப் பழகலாம்" என்று எங்களை வரிசையாக நிற்கவைத்து எடுத்தார். அந்த வீடியோ எங்களுக்கு வரவே இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அம்மா கற்றுக்கொண்டார். குக்கர் மூன்றாவது விசிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அடுப்புமேடையைப் பிடித்துக்கொண்டு "வலது ஒண்ணு ரெண்டு மூணு, தட்டு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஆடுவார். அடுப்படியில் நேராக மூன்றடி போக இடமில்லை, இரண்டரையில் ஃபிரிட்ஜ் இடிக்கும். அதனால் வீட்டில் அம்மாவின் மூன்றாவது அடி எப்போதும் பாதிதான்.

ரிசப்ஷன் அன்று ஏழு மணிக்கு வருகிறேன் என்ற மாஸ்டர் வரவில்லை. எட்டே முக்காலுக்கு அதே பையன் கறுப்புச் சட்டையில் வந்து ஐஸ்கிரீம் ஸ்டால் ஓரமாக நின்றான். டிஜேயிடம் யாரும் பேசியிருக்கவில்லை. அத்தைதான் போய்ப் பாட்டைப் போடச் சொன்னார். பிரான்ஸிலிருந்து வந்த பதினைந்து இருபது பேர் ஹோ என்று கத்திக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். நாங்கள் எட்டுப் பேரும் பெருமையாக நடுவில் போய் நின்றோம். அம்மா முன்வரிசையில், அத்தைக்குப் பக்கத்தில்.

பாட்டு எடுத்தது. அவர்கள் இடது காலை முன்னே வைத்து, வலது காலைச் சேர்த்து, கைதட்டினார்கள். நாங்கள் வலது பக்கம் மூன்று அடி நகர்ந்தோம். அம்மா நேராக அத்தையின் மேல் போய் இடித்தார். இரண்டாவது வரிசையில் என் சித்தி ஒரு பையனின் ஷூவை மிதித்து, அவன் சித்தியின் புடவை மடிப்பை மிதித்து, கேமராமேன் வேறு லைட்டைச் சரியாக அங்கே திருப்பினார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். இரண்டாவது சுற்றில் அவர்கள் ஒரு பக்கம் திரும்பி நிற்க, நாங்கள் இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்றாவது சுற்றில் அம்மா மெதுவாக வரிசையிலிருந்து வெளியே வந்து, சேரில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தை ஓடிவந்து கூப்பிட்டார். "முட்டி வலிக்குது சம்பந்தி, நீங்க ஆடுங்க" என்றார் அம்மா. வலித்ததா இல்லையா என்று இதுவரை நான் கேட்கவில்லை.

நான் அந்தப் பையனைத் தேடினேன். ஐஸ்கிரீம் ஸ்டாலில் இல்லை. போய்விட்டான்.

என்ன நடந்தது என்று விளக்கியது அத்தையின் பேத்தி, பதினாறு வயதுப் பெண். சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, நீங்க ஆடினது எலெக்ட்ரிக் ஸ்லைட். நல்லாத்தான் ஆடினீங்க, ஆனா அது வேற" என்றாள். அவள் சொன்னபிறகுதான் நானும் படித்துப் பார்த்தேன். மேடிசன் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸில் 1950-களின் கடைசியில் தொடங்கியது. 1960 வாக்கில் அங்கே டிவி நிகழ்ச்சிகளில் பரவி, அப்புறம் பிரான்ஸுக்குப் போய், அங்கே வீட்டு விசேஷங்களில் இன்றுவரை தங்கிவிட்டது. எலெக்ட்ரிக் ஸ்லைட் அதற்கு ரொம்பப் பிந்தியது. ரிக் சில்வர் என்ற அமெரிக்க நடன அமைப்பாளர் 1976-இல் அமைத்தது. அவர் அமைத்ததில் 22 எண்ணிக்கை. ஊரெல்லாம் ஆடுவது 18 எண்ணிக்கையாகச் சுருங்கிய வடிவம். அமெரிக்கக் கல்யாணங்களில் அதுதான் பிரபலம். அதாவது எங்கள் மாஸ்டர் 'கல்யாணத்தில் வரிசையாக ஆடும் நடனம்' என்று தேடி, முதலில் வந்த வீடியோவை எடுத்து எங்கள் தலையில் கட்டியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எலெக்ட்ரிக் ஸ்லைட் என்றே சொல்லிக் கற்றுக்கொடுத்திருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல நடனம்தான். கேட்டது மேடிசன். வாங்கியது பதினெட்டாயிரம்.

திங்கட்கிழமை போன் செய்தேன். "கிளாஸ்ல இருக்கேன் சார், பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்." கூப்பிடவில்லை. மதியம் வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மாலையில் ஒரு பெண் எடுத்து, மாஸ்டர் சென்னையில் ஷூட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை நேரில் போனால் ஷூட்டிங்கில் இருந்தவர் ஹாலில் டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

"மேடிசன்ல நிறைய ஸ்டைல் இருக்கு சார். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தியன் ஸ்டைல்" என்றார். இந்தியன் மேடிசனாம்! "அப்போ எலெக்ட்ரிக் ஸ்லைட்னா என்ன மாஸ்டர்?" என்று கேட்டேன். ஒரு நொடி பேச்சில்லை. பிறகு, "எல்லாம் ஒண்ணுதான் சார், ஸ்டெப்புதான் முன்னப்பின்ன இருக்கும்." ரிசப்ஷனுக்கு ஏன் வரவில்லை என்றால், "ஆள் அனுப்பினேனே." பணத்தைத் திருப்பிக் கேட்டால், "ரீஃபண்ட் நம்மகிட்ட கிடையாது சார், வேணும்னா அம்மாவை அடுத்த பேட்ச்ல ஃப்ரீயா அனுப்புங்க." அன்றைக்குக் கைப்பிடி நாற்காலி தூக்கிவந்த அதே ஆள். என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

இனி என்ன செய்யலாம் என்று நிறைய எழுத நினைத்திருந்தேன், கை ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த நடனம் என்று பெயரோடு ரசீதில் எழுதி வாங்குங்கள். பணம் கட்டுவதற்கு முன் அவரை ஒரு சுற்று ஆடச் சொல்லி, வீடியோ எடுத்து, அந்த நடனம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கேளுங்கள். நான் அத்தைக்கு ஒரே ஒரு கிளிப் அனுப்பியிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன், முட்டாள்தனம். முழுப் பணமும் முன்னால் கட்டாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம்வரை கட்டணம் கிடையாது. அதனால் கடலூரிலேயே போடப்போகிறேன்.

இதை இன்றே எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சாயங்காலம் தங்கை ஒரு ரீல்ஸ் அனுப்பினாள். அந்த வகுப்பின் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். 'எந்த வயதிலும் மேடிசன் கற்கலாம், கல்யாண சீசன் பேட்ச் ஆரம்பம்' என்று தலைப்பு. ஆறாவது வாரம் எடுத்த வீடியோ. முன்வரிசையில் அம்மா, முட்டியில் பட்டையோடு, வலது பக்கம் இரண்டு அடி முழுசாக வைத்து, மூன்றாவதைப் பாதியில் நிறுத்துகிறார். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. எடுத்துவிடச் சொல்லி மெசேஜ் அனுப்பி ஒரு மணி நேரம் ஆகிறது. இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.