கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடைவாய்ப்பல் பிடுங்கப் போகிறவர்கள் படிக்கவும்

பாலக்காடு மாவட்டத்தில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். கிளினிக் பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

கீழ்வரிசையில் முதல் கடைவாய்ப்பல் சொத்தையாகி ராத்திரியெல்லாம் வலி. போனேன். எக்ஸ்ரே எடுக்கவில்லை. ரூட் கெனால் பண்ணி கேப் போட்டால் நிற்குமா என்று கேட்டதற்கு, "வீண் செலவு சேச்சி, உள்ளே இருக்கிற பல்தானே, யார் பாக்கப் போறாங்க" என்றபடியே டாக்டர் ஊசியை எடுத்துவிட்டார். பஞ்சைக் கடிச்சுக்கோங்க, சூடா எதுவும் குடிக்காதீங்க, அவ்வளவுதான் அறிவுரை. அந்த இடத்தைக் காலியாக விட்டால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கிடையாது.

ஆனது இது. பின்னால் இருந்த பல் காலியிடத்தைப் பார்த்து முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. முன்னால் இருந்த சின்னக் கடைவாய்ப்பல் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்து, அதற்கு முன்னால் சந்து விழுந்தது. மேல்வரிசைப் பல்தான் பெரிய தலைவலி, கீழே முட்டுக்கொடுக்க எதுவும் இல்லாததால் இறங்கிக்கொண்டே வந்து, இப்போது முறுக்கு கடித்தால் கீழ் ஈறில் குத்துகிறது. சாய்ந்த பல்லுக்கு அடியில் பிரஷ் நுழையாத ஒரு மூலை, கறி சாப்பிட்டால் நார் அங்கேதான் போய் உட்காரும், அங்கேயும் இப்போது சொத்தை ஆரம்பம். எல்லாருக்கும் இவ்வளவு நகராதாம், சிலருக்குப் பெரிசாக ஒன்றும் ஆவதில்லை. எனக்கு ஆனது.

திரும்பப் போய்க் கேட்டால், "அது இயற்கைங்க, பிரிட்ஜ் போட்டுடலாம்" (இரண்டு பக்கத்துப் பல்லையும் பிடித்து நிற்கிற செயற்கைப் பல்) என்று மூவாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டால் சிரிப்பு. பிரிட்ஜுக்காகப் பக்கத்துப் பல் இரண்டையும் ராவ வேண்டும் என்பதே அப்புறம்தான் தெரிந்தது. சந்தேகப்பட்டு திருச்சூர் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, இவ்வளவு சாய்ந்த பல்லின் மேல் பிரிட்ஜ் சரியாக உட்காராது, இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் திருகி வைக்கிற செயற்கைப் பல்) வைக்கவும் இடம் போதாது, முதலில் கம்பி போட்டு நிமிர்த்தணும், மற்றதெல்லாம் பிறகு என்றார்கள். எடுத்த பல்லைக் காப்பாற்றியிருக்கலாமா என்றேன். எக்ஸ்ரே இருந்தால்தானே சொல்வதற்கு! முன்பணம் இன்றுவரை வரவில்லை.

அதனால் எக்ஸ்ரே எடுக்காமல் யாரையும் பல்லில் கைவைக்க விடாதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால், அந்த இடத்தில் என்ன வைப்பீர்கள், எப்போது என்று பிடுங்குவதற்கு முன்பே கேளுங்கள், ஏனென்றால் புண் ஆறிய சில மாதங்களிலேயே நகர ஆரம்பித்துவிடுகிறது. (ஞானப்பல் எடுத்தவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டாம், அதற்குப் பின்னால் சாய வேறு பல் இல்லை.)

குழந்தை வைத்திருக்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்கவும். அதே கிளினிக்கில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு, "பால் பல்தான், திரும்ப முளைக்கும்" என்று இதே பல்லை எடுக்கப் பார்த்தார்கள். ஆறு வயசு வாக்கில் பால் பல் எதுவும் விழாமலே வரிசையின் கடைசியில் முளைக்கிற இது நிரந்தரப் பல். போனால் போனதுதான்.