கண்ணாடி போட்டுக்கொண்டு காக்பிட்டில் நான்கு ஆண்டுகள்

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால், தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடல் பக்கமிருந்து மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்களின் சக்கரங்களைக்கூட எண்ணிவிடலாம். ஐந்தாம் வகுப்பிலிருந்து எனக்கு மூக்குக் கண்ணாடி உண்டு. கண்ணாடி போட்டவன் விமானம் ஓட்ட முடியாது என்று அன்றைக்குப் பெரியவர்கள் சொன்னதை நம்பி, அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட்டேன். அவர்கள் சொன்னது முழு உண்மை இல்லை. கண்ணாடியால் பார்வை சரியாகிறதென்றால் பயணிகள் விமானத்தை அதை அணிந்தபடியே ஓட்டலாம். மாற்றுக் கண்ணாடி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதி. இது எனக்குத் தெரிய வந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

இப்போது 49. வலது கண்ணில் மைனஸ் 4.25, இடது கண்ணில் மைனஸ் 4, இரண்டிலும் சிலிண்டர் பவர் (சிதறல் பார்வைக்கானது) கொஞ்சம். அதோடு வெள்ளெழுத்தும் சேர்ந்துகொண்டதால் படிப்பதற்கு பிளஸ் 1.50 கூடுதல். கிட்டப்பார்வையும் வெள்ளெழுத்தும் சேர்ந்தவர்கள் விஆர் ஹெட்செட்டில் (முகத்தில் மாட்டிக்கொண்டால் நாலாபுறமும் மெய்நிகர் உலகைக் காட்டும் கருவி) விமான சிமுலேட்டர், அதாவது விமானம் ஓட்டுவதைக் கணினியில் பாவனை செய்யும் மென்பொருள், ஓட்டுவதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடி ஏமாந்திருக்கிறேன். அதனால் நான்கு ஆண்டு அனுபவத்தை நானே எழுதுகிறேன்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் 2020 டிசம்பரில் விஆர் வசதி வந்தது. அடுத்த ஆண்டு, சிங்கப்பூரிலிருந்து வந்த அக்கா மகன் குவெஸ்ட் 2 ஹெட்செட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். கணினிக்கான கிராஃபிக்ஸ் கார்டை ரிச்சி தெருவில் வாங்கினேன். கார்டுகளுக்குப் பெரும் தட்டுப்பாடு இருந்த காலம் அது, விலையை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

முதல் நாள் செஸ்னா 172 விமானத்தின் இருக்கையில் உட்கார்ந்ததும் நான் செய்தது ஒன்றுதான்: இடப்பக்கம் தலையைத் திருப்பி, சிறகைத் தாங்கும் கம்பியைப் பார்த்தேன். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது. கணினித் திரையில் இரண்டு ஆண்டுகள் ஓட்டியும் எனக்குக் கைவராமல் போனது தரையிறக்கத்தின் கடைசி சில அடிகள். எப்போது மூக்கை உயர்த்த வேண்டும் என்பதே பிடிபடாது. ஒன்று தரையில் மோதுவேன், இல்லையென்றால் ஓடுபாதைக்கு மேலேயே மிதந்துகொண்டிருப்பேன். விஆரில் அது ஒரே வாரத்தில் வந்தது. காரணம் எளியது. தரை நெருங்குவதை நாம் நேர்ப் பார்வையால் மட்டும் உணர்வதில்லை. ஓடுபாதையின் இரு ஓரங்களும் கண்ணின் விளிம்பில் விரிந்து பின்னோக்கி ஓடுவதால்தான் உணர்கிறோம். அந்த விரிவைத் தட்டைத் திரை தருவதில்லை. ஓடுபாதைக்கு இணையாகப் பறந்து, அது தோளுக்குப் பின்னால் 45 டிகிரியில் தெரிந்ததும் திரும்ப வேண்டும் என்ற பாடமும் அப்படித்தான். விஆரில் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். அதற்கென்று பொத்தான் எதுவும் தேடுவதில்லை.

இந்த இடத்தில்தான் மூக்குக் கண்ணாடி குறுக்கே வந்தது.

ஹெட்செட்டின் லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையே தூரம் கூடக் கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும். ஜன்னலிலிருந்து இரண்டடி பின்னால் நகர்ந்தால் தெருவின் இரு கோடிகளும் மறைந்துவிடுவதைப் போல. கண்ணாடிக்கு இடம் விடுவதற்காகப் பெட்டியிலேயே ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும். அதைப் பொருத்தினால் ஹெட்செட் முகத்திலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும். அதைப் பொருத்திய அன்று, நான் மெச்சிய அதே ஓரப் பார்வை காணாமல் போனது. குழாய்க்குள் பார்ப்பதுபோல் ஆகி, தரையிறக்கம் மறுபடி தடுமாறியது. பொருத்தாவிட்டாலோ கண்ணாடி ஹெட்செட் லென்ஸில் உரசியது. அந்த லென்ஸ் பிளாஸ்டிக். மூன்றாம் மாதம் வலது லென்ஸின் நடுவில் மயிரிழைபோல் ஒரு கீறல் விழுந்தது. பகலில் தெரியாது, மாலைச் சூரியனை நோக்கிப் பறக்கும்போது மட்டும் அந்தக் கோடு ஒளிரும். அவசரத்தில் நான் கழற்றிய விதத்தால் வந்த வினை. முன்பகுதியை முதலில் கண்ணாடியின் மேல் நேராக வைத்து, பிறகு பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுக்க வேண்டும். கழற்றும்போது முன்பகுதியை முகத்திலிருந்து நேராக முன்னோக்கி விலக்கிய பிறகுதான் மேலே தூக்க வேண்டும். தொப்பியைப் போலக் கழற்றினால் கண்ணாடியும் சேர்ந்து இழுபடும், உரசும்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

நான் அன்றாடம் அணிவது புரோகிரசிவ் கண்ணாடி. மேல்பகுதியில் தூரப் பார்வை, கீழ்ப்பகுதியில் படிக்கும் பவர். ஹெட்செட்டுக்குள், விமானத்துக்கு வெளியே பார்த்தால் அடிவானம் தெளிவாக இருந்தது. கீழே உயரமானியைப் பார்த்தால் எண்கள் கரைந்துபோயின. கண் பவர் ஏறிவிட்டது என்று பயந்து பரிசோதனைக்குப் போனேன். மாற்றம் இல்லை என்றார்கள். கணினி அமைப்புகளையெல்லாம் மாற்றினேன். பொம்மைபோல் தலையை மேலும் கீழும் ஆட்டி, எண்கள் தெளியும் கோணத்தைத் தேடினேன். அரை மணி நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்துவிடும். இஞ்சி மரப்பா மிட்டாயை மேசையிலேயே வைத்திருந்த காலம் அது.

ஒருநாள் புரோகிரசிவ் கண்ணாடியின் கால் உடைந்தது. அலமாரியில் தேடியதில், வெள்ளெழுத்து வருவதற்கு முன்பு அணிந்த பழைய கண்ணாடி ஒன்று அகப்பட்டது. சின்ன முட்டை வடிவ பிரேம். முழுக்க ஒரே பவர், அதுவும் இப்போதைய பவரைவிட 0.50 குறைவு. வேறு வழியில்லாமல் அதை மாட்டிக்கொண்டு ஹெட்செட்டைப் போட்டேன். உயரமானியின் ஒவ்வோர் எண்ணும் தெரிந்தது. கீழே எரிபொருள் முள், அதற்கும் கீழே இறக்கைத் தட்டின் (ஃப்ளாப்) நெம்புகோல் எழுத்து, எல்லாம். அன்று மீனம்பாக்கத்திலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பி, கடற்கரையைத் தொட்டதும் தெற்கே திரும்பி, முட்டுக்காடு, மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரி வரை ஒருமுறைகூடத் தலையை ஆட்டாமல் பறந்தேன்.

மறுநாளே ஹெட்செட்டைப் பையில் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். பரிசோதனை செய்யும் பெண் அதை வாங்கி மாட்டிப் பார்த்தார். கையைத் தூக்கி எதையோ தொடப் பார்த்துவிட்டு, கழற்றி வைத்துச் சொன்னார்: "இதற்குள் கிட்டத்தில் எதுவுமே இல்லை சார். எல்லாம் ஒரே தூரத்தில்தான் இருக்கிறது."

அந்த ஒரு வாக்கியம் எனக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டது. காக்பிட் பலகை அரை மீட்டரில் இருப்பதுபோலவும், மலை பத்து கிலோமீட்டரில் இருப்பதுபோலவும் மூளை நம்புகிறது. ஆனால் கண் குவியம் கொள்ள வேண்டிய தூரம் இரண்டுக்கும் ஒன்றே. லென்ஸின் அமைப்பைப் பொறுத்துச் சுமார் 1.3 முதல் 2 மீட்டர். அசல் விமானத்தில் பலகை உண்மையாகவே கிட்டத்தில் இருப்பதால் படிக்கும் பவர் தேவை. ஹெட்செட்டில் அதே பவர் கெடுதல்: பிளஸ் 1.50 வழியாகப் பார்க்கும் கண்ணுக்கு 67 சென்டிமீட்டருக்கு அப்பால் இருப்பதெல்லாம் மங்கும். என் பழைய கண்ணாடி 0.50 குறைவானது என்பதால், கண்ணைச் சற்றும் வருத்தாமல் இரண்டு மீட்டர் வரை தெளிவாகக் காட்டியது. ஹெட்செட்டுக்குத் தேவையானதும் அந்த எல்லைதான். தற்செயலாக அமைந்த பொருத்தம்.

ஆகவே வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: புரோகிரசிவ், பைஃபோகல் இரண்டையும் ஹெட்செட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். தூரப் பார்வைக்கான ஒற்றைப் பவரில், சின்ன பிரேமில் தனியாக ஒரு கண்ணாடி செய்துகொள்ளுங்கள். குவெஸ்ட் 2 போன்றவற்றுக்கு பிரேமின் அகலம் 142 மில்லிமீட்டருக்குள்ளும் உயரம் 50-க்குள்ளும் இருப்பது நல்லது. ஹெட்செட்டைக் கடைக்கு எடுத்துச் சென்று பிரேமை உள்ளே வைத்துப் பார்த்து வாங்குங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. பவரை எவ்வளவு குறைக்கலாம் என்பதைப் பரிசோதிப்பவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், ஒவ்வொருவர் கண்ணும் வேறு. அப்படியே இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தையும் அளந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு 66 மில்லிமீட்டர். குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 என மூன்று நிலைகள்தான் உண்டு. 68-இல் வைத்துச் சமாளித்தேன்.

தெளிவைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண்ணாடி எவ்வளவு சரியாக இருந்தாலும் ஹெட்செட் தரும் தெளிவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. குறையில்லாத 6/6 பார்வைக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 60 பிக்சல்கள் வேண்டும்; குவெஸ்ட் 2 தருவது சுமார் 20, குவெஸ்ட் 3 சுமார் 25. தொலைவிலுள்ள ஓடுபாதை எண் கரைந்து தெரிவதற்காகக் கண் மருத்துவரிடம் ஓடாதீர்கள்.

குவெஸ்ட் 3-க்கு மாறி ஒன்றரை ஆண்டு ஆகிறது. தட்டையான அடுக்கு லென்ஸ்கள் கொண்டது, ஓரம்வரை தெளிவு. பழையதில் வளையம் வளையமாக வெட்டிய லென்ஸ் என்பதால் நடுவில் மட்டுமே கூர்மை இருக்கும்; ஒவ்வொரு கருவியையும் படிக்கத் தலையையே திருப்ப வேண்டும். இதில் கண்ணை உருட்டினால் போதும். கண்ணிலிருந்து லென்ஸ் இருக்கும் தூரத்தை நான்கு நிலைகளில் மாற்றும் வசதி உள்ளேயே இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று எச்பியின் பழைய ரிவெர்ப் ஜி2 ஹெட்செட்டை வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து அதற்கான அடிப்படை மென்பொருள் நீக்கப்பட்டுவிட்டது.

இந்த முறை மூக்குக் கண்ணாடியையே விட்டுவிட்டு, ஹெட்செட் லென்ஸின் மேல் ஒட்டி உட்காரும் பவர் லென்ஸ்களைச் செய்து வாங்கினேன். முதலில் செய்து கொடுத்த விற்பனையாளர் சிலிண்டர் பவரின் கோணத்தை வலது இடதாக மாற்றிவிட்டார். ஓடுபாதை விளக்குகளுக்கு வால் முளைத்ததுபோல் சாய்வாக ஒளி இழுத்தது. இரண்டு நாள் என் கண்ணையே சந்தேகித்தேன். பிறகு ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தபோதுதான் பிழை புரிந்தது. திருப்பி அனுப்பிச் சரியானது வருவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. சிலிண்டர் பவர் உள்ளவர்கள் லென்ஸ் வந்ததும் இரவு நேர ஓடுபாதையில் விமானத்தை நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாகச் சோதித்துவிடுங்கள். விளக்கு புள்ளியாக இருக்க வேண்டும், கோடாக அல்ல.

சரியான லென்ஸ் வந்தபின் கிடைத்த இன்பத்தை எப்படிச் சொல்வது. கண் லென்ஸுக்கு நெருக்கமாகப் போனதால் ஓரப் பார்வை முழுதாகத் திரும்பியது. மூக்குத் தண்டில் அழுத்தம் இல்லை, காதின் பின்னால் வலி இல்லை. என் அனுபவத்தில், கிராஃபிக்ஸ் கார்டுக்குச் செலவழித்த பெருந்தொகையைவிட இந்தச் சிறு லென்ஸ்களுக்குக் கொடுத்த பணம்தான் பறப்பதை மாற்றியது. எதற்கு முதலில் செலவழிப்பது என்று வரிசை போடுகிறவர்கள் இதை முதலில் வையுங்கள். ஒரே குறை, ஹெட்செட்டைக் கழற்றினால் உலகம் மங்கல். மேசையில் கண்ணாடியைத் தடவித் தேட வேண்டும். அதற்கென்று இடம் ஒதுக்கி அங்கேயே வையுங்கள்.

சென்னைக்கே உரிய தொல்லை புழுக்கம். ஏசி அறையில் குளிர்ந்து கிடக்கும் ஹெட்செட்டை வியர்த்த முகத்தில் வைத்தால் நொடியில் லென்ஸ் பனித்துவிடும். கண்ணாடியும் சேர்ந்திருந்தால் இரண்டு பரப்புகள் பனிக்கும். பறப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே இயக்கி வைத்துவிடுகிறேன். உள்ளிருக்கும் சூட்டில் லென்ஸ் வெதுவெதுப்பாகிவிடும். முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருகிறேன். மேசை விசிறி எப்போதும் முகத்துக்கு நேராகச் சுழலும். குமட்டலையும் அது தடுக்கிறது. பஞ்சு உறை வியர்வையைக் குடித்து நாறத் தொடங்கியதால் துடைக்கக்கூடிய சிலிகோன் உறைக்கு மாறினேன். சித்திரை வெயில் கிழக்கு ஜன்னல் வழியாக மேசைவரை வரும் வீடு எங்களுடையது. ஹெட்செட் லென்ஸில் வெயில் பட்டால் அது பூதக்கண்ணாடிபோல் ஒளியைக் குவித்து உள்ளே திரையைப் பொசுக்கிவிடும். என் மனைவி அதற்காகவே துணியில் ஓர் உறை தைத்துக் கொடுத்திருக்கிறாள். "என்னங்க, மூடி வைத்தீர்களா?" என்று இரவு விளக்கணைக்கும் முன் கேட்டுவிடுவாள்.

சென்ற வாரம் கடலிலிருந்து மீனம்பாக்கத்தின் 25 என்ற எண் கொண்ட ஓடுபாதைக்கு மாலை வெளிச்சத்தில் இறங்கினேன். வலப்பக்கம் பரங்கிமலை, இடப்பக்கம் எங்கள் ஊர். கீழே தலை குனிந்து தெருவைத் தேடினேன், அடுத்த கணம் வேகமானியைப் பார்த்தேன், மறுபடி ஓடுபாதை. மூன்றும் ஒரே தெளிவில். இப்போது இடது கண் மாலையில் கொஞ்சம் மங்குவதுபோல் இருக்கிறது; அடுத்த மாதம் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறேன். பவர் மாறியிருந்தால் உள் லென்ஸை மட்டும் புதிதாகச் செய்தால் போதும். அது வரும்வரை அந்தப் பழைய முட்டை வடிவக் கண்ணாடி மேசையின் முதல் இழுப்பறையில் துடைத்துத் தயாராக இருக்கிறது.