ஆட்டுக்கு மருந்து உண்டு, கருப்பனுக்கு?

இந்தத் தடவை ஊருக்குப் போனதே பெரியம்மாவைப் பார்க்கத்தான். போன வருஷம் மதுரையில் வைத்து அவருடைய கல்லீரலிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். புற்றுநோயோ என்று வீடே சோறு தண்ணி இல்லாமல் கிடந்தபோது, "வீட்டுல நாய் வளக்குறீங்களா?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டதாம். ஈரலில் கட்டி என்று வந்தால் நாயைப் பற்றிக் கேட்கிறாரே என்று.

நான் இருப்பது நியூசிலாந்தின் தென்கோடியில், இன்வர்கார்கில். ஆட்டிறைச்சி ஆலையில் எலக்ட்ரீசியன் வேலை. டாக்டர் ஏன் கேட்டார் என்று எனக்குப் புரிந்தது. அந்தக் கட்டி நாயின் குடலில் வாழும் ஒரு புழுவால் வருவது, ஹைடாடிட் நீர்க்கட்டி என்பார்கள். அது மட்டும் புரியாமல் இருந்திருந்தால் இந்தப் பயணத்தில் பாதி அலைச்சல் இருந்திருக்காது.

சிங்கப்பூர் வழியாக மதுரை, வத்தலக்குண்டில் இறங்கி ஒரு டீ, அப்புறம் மலை. கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். போனிலேயே ஐந்து நிமிடத்தில் எடுத்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடையிலிருந்து பூம்பாறை, அதைத் தாண்டி மன்னவனூர், அதற்கும் அப்பால் எங்கள் அம்மா ஊர். பொங்கல் முடிந்த வாரம். காலையில் புல்லெல்லாம் உறைபனி. மாமாவுக்குப் பூண்டும் கேரட்டும் கொஞ்சம், ஆடு முப்பது சொச்சம். நாய் மூன்று: மணி, வீரா, கருப்பன்.

பெரியம்மா நன்றாக இருக்கிறார். ஒரே ஒரு மனக்குறைதான். "நான் நாயத் தொட்டதே இல்லப்பா, எனக்கு எப்படி வரும்?" இதைச் சொல்லிக்கொண்டே கொல்லையில் ஒரு கேரட்டைப் பிடுங்கி, முந்தானையில் துடைத்து எனக்கு நீட்டினார். வாங்கி வைத்துக்கொண்டேன், தின்னவில்லை.

அந்தப் புழு ஒரு நாடாப்புழு. நாடா என்றதும் முழ நீளம் நினைக்க வேண்டாம், நாலைந்து மில்லிமீட்டர்தான். நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் நாய் இளைக்காது, வாலாட்டும், ஆடு காக்கும். அதன் முட்டை மலத்தோடு வெளியே விழும், ரோமத்தில் ஒட்டும், குளிர்ந்த ஈரமண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். புல்லோடு ஆடு தின்றால் ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி. கையோடும் கேரட்டோடும் மனிதர் வயிற்றுக்குள் போனால் மனிதருக்கும் அதே கட்டி. வருஷக்கணக்கில் மெதுவாக வளரும் என்பதால் எந்த வயதில், எந்தக் கேரட்டில் என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளே உடைந்துவிட்டால் ஒவ்வாமையில் உயிருக்கே ஆபத்து. அந்தக் கட்டி விழுந்த ஈரலை நாய் தின்றால்தான் வட்டம் பூர்த்தியாகும். உள்ளேயிருக்கும் மணல் மாதிரித் துகள் ஒவ்வொன்றும் நாய்க்குள் ஒரு புழு. ஆட்டுக்கறி தின்பதால் நமக்கு இது வராது. மாமா மூன்று மாதமாகக் கறியை நிறுத்தியிருந்தார், பாவம்.

மறுநாள் கால்நடை மருந்தகம் போனோம். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. பூட்டு. டாக்டர் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி முகாமுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்து திரும்பினோம். அதற்கு மறுநாள் ஆள் இருந்தார், முப்பது வயதுகூட இராத பெண் டாக்டர், நல்ல பொறுமை. மாமாவின் ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து பாட்டிலில் தந்தார், இலவசம். நாய்களுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட அழைத்து வரச் சொன்னார். நாய்க்குப் புழு மருந்து? "ஸ்டாக் இல்ல சார். ஆடு மாட்டுக்குத்தான் வருது. எழுதித் தர்றேன், கொடையில வாங்கிக்குங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆட்டுக்கு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வருஷம் இரண்டு முறை அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரை சப்பக் கொடுக்கிறார்கள். மாட்டுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் 1962-க்குப் போன் போட்டால் வண்டி வருகிறது. ஆட்டுக்கும் பிள்ளைக்கும் நடுவில் வாலாட்டிக்கொண்டு நிற்கிற நாய்க்குப் புழு மருந்து மட்டும் நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் இல்லை.

வழியில் ஒரு மெடிக்கலில் கேட்டதற்கு, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே அல்பெண்டசோலைத் தூக்கிக் கொடுத்தார்கள். இந்தப் புழுவுக்கு அது ஒரே ஒரு வேளை கொடுத்தால் போதாது, பிராசிகுவாண்டல் என்ற மருந்து வேண்டும். கொடையில் செல்லப்பிராணிக் கடையில் அது கலந்த மாத்திரை கிடைத்தது, பத்து கிலோ எடைக்கு ஒன்று. கடைக்காரப் பையன் "என்ன பிரீட் சார்?" என்றான். "கருப்பன்" என்றேன்.

எடை பார்த்ததுதான் கூத்து. கேரட் மூட்டை போடும் மெஷினில் மணியை ஏற்றினோம். வீரா ஏறவே மாட்டேன் என்றான், மாமா அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினார், பிறகு தனியாக ஏறினார், கழித்துக்கொண்டோம். கருப்பன் பதினாறு கிலோ. மாத்திரையை வேகவைத்த ஈரலுக்குள் செருகிப் போட்டேன். மணி விழுங்கினான். வீரா ஈரலைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாகத் துப்பினான். மூன்று முறை. மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் மூன்று நாள் நாய்களைக் கட்டிப் போட்டு, மலத்தை அள்ளி ஆழமாகப் புதைத்தோம். அள்ளியது நான்தான். வெளிநாட்டு மாப்பிள்ளை என்று தெருவே வேடிக்கை பார்த்தது.

ராத்திரி கணப்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, இன்வர்கார்கிலில் என் பக்கத்து வீட்டுக் கிழவர் சொன்ன கதையை மாமாவிடம் சொன்னேன். அவர் சின்ன வயதில் ஊர் நாய்களையெல்லாம் ஒரு திடலுக்கு ஓட்டி வந்து, வரிசையாக முளையில் கட்டி, மருந்து கொடுத்துப் பேதியாக வைத்து, கழிவைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களாம். பின்னாளில் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை கட்டாய மருந்து, ஏனென்றால் புழு நாய்க்குள் வளர்ந்து முட்டையிட ஆறு வாரம் பிடிக்கும். பச்சைக் குடல் ஈரலை நாய்க்குப் போடக் கூடாது, அரை மணி நேரமாவது கொதிக்க வைத்துத்தான் போடலாம். 1959-இல் இதற்கென்றே தனிச் சட்டம். நோய் ஏறக்குறைய ஒழிந்தது என்று 2002-இல்தான் அறிவித்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல்.

"அந்தப் பேதி மருந்து என்ன தெரியுமா மாமா? அரிகோலின். நம்ம கொட்டைப்பாக்குல இருக்கிற சத்து."

மாமா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். "அப்ப கருப்பனுக்கு ரெண்டு பாக்கப் போட்டா முடிஞ்சுச்சா?"

வேண்டாம் என்று பதறிச் சொன்னேன். அளவு தப்பினால் நாய் போய்விடும். வேறு நல்ல மருந்துகள் வந்ததும் நியூசிலாந்திலேயே அதை ஓரங்கட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை. இந்த ஊர்களில் விஷயமே இங்கேதான் இருக்கிறது. மரத்தடியில் ஆடு தொங்குகிறது, எட்டு நாய் வட்டமாக உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரர் நுரையீரலைப் புரட்டினார். எலுமிச்சை அளவில் வெள்ளையாக இரண்டு கட்டி. வெட்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் வீசினார். தரையில் விழவே இல்லை.

"அண்ணே, அத நாய்க்குப் போடாதீங்க."

"நீர்க்கட்டி விழுந்தத மனுசனா திம்பான்? நாய்க்குத்தான் தம்பி." காலங்காலமாக இதுதான் நியாயம், அவர் மேல் தப்பில்லை. நான் விளக்க ஆரம்பித்ததும், வெளிநாட்டுக்காரன் பாடம் எடுக்கிறான் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போது பெரியம்மா முன்னால் வந்தார். புடவையை லேசாக ஒதுக்கி, விலாவுக்குக் கீழே ஓடுகிற தழும்பைக் காட்டினார். "இதுல இருந்து எடுத்ததும் அதேதான்யா. இம்புட்டு."

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே கடைக்குப் பின்னால் இடுப்பளவு குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு, மேலே பலகைக்கல் மூடினோம். கல் இல்லாவிட்டால் நாய் தோண்டிவிடும்.

மேல்தெருவில் குட்டி போட்ட நாய் ஒன்று இருந்தது. குட்டிகள் தாய் வயிற்றிலிருந்தே உருண்டைப்புழுவோடு பிறக்கும், பிள்ளைகளின் கண்வரை போகக்கூடியது அது. குட்டிக்கு இரண்டு வாரம் ஆனதுமே மருந்து தொடங்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகள் குட்டிகளோடு மண்ணில் புரண்டுகொண்டிருந்தார்கள். டாக்டரம்மா நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன், போனார்களா தெரியாது.

திரும்பும்போது நியூசிலாந்து விமான நிலையத்தில் பண்ணைக்குப் போனதை மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். என் ஷூவை வாங்கி அடியைப் பார்த்து, கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தார்கள்.

போன வாரம் மாமாவின் குரல் பதிவு வந்தது. பின்னணியில் ஆடு கத்துகிறது. "மாப்ள, ஆறு வாரம் ஆயிருச்சு. கொடைக்குப் போனவங்ககிட்டச் சொல்லி மாத்திர வாங்கியாச்சு. கருப்பன் தின்னு தின்னு இருவது கிலோ ஆயிட்டான். ரெண்டு குடுக்கவா? வீராவுக்குத்தான் என்ன செய்யிறதுன்னு தெரியல, கருவாட்டுல வச்சாலும் துப்புறான்."